மூட்டை முடிச்சு

ரோமாபுரிக்குப் போவதற்காகப் பெட்டி கட்ட உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் கொடைக்கானல். செண்பகனூருக்குக் கொஞ்சம் மேலே ஒரு வாடகை வீடு. ஜூன் மாதத்து மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கொடியில் போட்டிருந்த வேட்டியை மூன்று நாளாக உலர விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் பெட்டி கட்டினால் என்ன ஆகும்? இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு சால்வை, கழுத்துக்கு ஒரு மப்ளர், காலுறை நாலு ஜோடி எல்லாம் முதலிலேயே போய் அடியில் படுத்துக்கொண்டன. ரோமில் என் தங்கை மகன் வேலையாக இருக்கிறான். டெலிபோனில் அவனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். "மாமா, ஜூலையில் இங்கே பெரியகுளத்து வெயில் அடிக்கும். கம்பளியை யாருக்குப் போர்த்தப் போகிறீர்கள்?" என்றான். இருக்கிற ஊரின் குளிரைத்தான் நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

விமானக் கம்பெனிக்காரர்கள் 23 கிலோ வரை அனுமதிக்கிறார்கள். அனுமதிக்கிறார்கள் என்றால் அவ்வளவும் நமக்கு வேண்டும் என்றே மனசு அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. கம்பளி போக, அப்பளம், பருப்புப் பொடி, ரசப்பொடி, வழியில் படிக்க ஆறு புத்தகங்கள், யாருக்காவது கொடுக்கலாம் என்று நான் எழுதிய புத்தகங்களில் எட்டு. தமிழ் தெரிந்தவர் அந்த ஊரில் எத்தனை பேர் என்று நான் யோசிக்கவில்லை. எழுத்தாளனின் பெட்டியில் எப்போதும் அதிகக் கனம் அவன் எழுதியதுதான்.

பிரயாணத்துக்கு எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்ற கேள்விக்கு நல்லவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்: குறைவாக. நானும் பல காலம் அதையே நம்பி, பிறருக்கு உபதேசமும் செய்திருக்கிறேன். சாமான் குறைந்தால் மனுஷன் சுதந்திரமானவன், பெட்டி கனத்தால் மனசும் கனக்கும் என்றெல்லாம். அந்த நம்பிக்கையில் ஓட்டை போட்டவர் இந்த வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்.

எண்பது வயசு இருக்கும். பெட்டி ஒழுங்காக மூடவில்லை என்று கூப்பிட்டேன். வந்தவர் மூடுவதற்கு முன்னால் ஒரு கையால் பிடியைப் பற்றி அரை அடி தூக்கிப் பார்த்தார். "இருபத்தேழு இருக்கும் சார்" என்றார். தராசில் வைத்தேன். இருபத்தாறே முக்கால். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அது அவர்கள் வீட்டுக் கை என்றார். அவருடைய தாத்தா பெரியகுளத்துப் பக்கத்து மலைப்பாதையில் சுமை தூக்கியவர்.

அந்தப் பாதையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் ஏறி, வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் மேலே வந்துவிடுகிறோம். மோட்டார்ப் பாதை வந்தது 1910-களில்தான். அதற்கு முன்னால் ரயிலிலிருந்து இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் போய், மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மேலே ஏறுவார்கள். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். சிலர் குதிரையில் போனார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில் போனார்கள். சாமான் ஆட்களின் தலையில் போயிற்று. இங்கிலீஷ்காரர்கள் அந்த வழிக்கு வைத்த பெயரே கூலி காட் என்பதுதான். சுமந்தவர்களின் பெயரால் வழங்கிய பாதையில், சுமந்தவர்கள் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

1845-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்கள் உல்லாசத்துக்காக வரவில்லை. கீழே காய்ச்சலிலும் காலராவிலும் மனைவியையும் குழந்தைகளையும் புதைத்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களையாவது காப்பாற்றிக்கொள்ள மேலே ஓடிவந்தவர்கள். அவர்கள் மூட்டையில் முதலில் இருந்தது உயிர் ஆசை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உயிர் தங்கிவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேரும் அல்லவா? கட்டில் வந்தது, அலமாரி வந்தது, பீங்கான் வந்தது. லெவிஞ்ச் என்று மதுரைக் கலெக்டர் ஒருவர் 1863-ல் ஓடைகளை அணைகட்டி மறித்து இந்த ஏரியை உண்டாக்கினார். ஏரி வந்ததும் அதில் மிதக்கப் படகு வேண்டியிருந்தது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். மோட்டார்ப் பாதை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால்! கடற்கரைப் படகு ஏழாயிரம் அடி ஏறியது என்றால், மனிதத் தோள்களைத் தவிர வேறு எதன்மேல் ஏறியிருக்கும்? ஏரிக்கரையில் ஜனங்கள் சோளக்கதிர் கடித்துக்கொண்டு படகுக்கு வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதல் படகின் ஞாபகம்தான் வருகிறது.

பெரியவர் தாத்தாவைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அவருக்கே அதிகம் தெரியாது. ஒன்றை மட்டும் சொன்னார். "ஒருத்தன் தானாத் தலையில ஏத்திக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது சார். ரெண்டுக்கும் இன்னொரு ஆளு வேணும். தாத்தாவுக்குச் சுமையை விட அதுதான் கஷ்டமாம். அப்புறம், உள்ள என்ன இருக்குன்னு கடைசி வரைக்கும் தெரியாதாம். கனம் மட்டும்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ரயில் நிலையத்தில் என்னை விட வயசில் மூத்த ஒரு போர்ட்டரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தேன். முழுவதும் புத்தகம். சும்மாட்டைச் சுற்றி வைத்துக்கொண்டு, மேம்பாலத்துப் படிகளில் ஏறி இறங்கினார். கூலியில் இருபது ரூபாய் குறைத்துப் பேசியதில் எனக்கு அன்றைக்குச் சாமர்த்தியப் பெருமை. அந்தப் பெட்டியை நான் போன ஊரில் திறக்கவே இல்லை. அப்படியே திரும்பி வந்தது, வேறொரு போர்ட்டர் தலையில்.

அப்படியானால் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் போய்விடலாமா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். இந்த மலைத்தொடருக்கே பெயர் கொடுத்தவன் அப்படிப் புறப்பட்டவன்தான். பழனியாண்டவனை விடக் குறைந்த சாமானோடு தமிழ்நாட்டில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. ஒரு கோவணம், ஒரு தண்டம். ஆனால் ஒன்றுமில்லாமல் வந்து நின்ற அந்த ஆண்டியைத் தேடித்தான் இத்தனை சுமை மலையேறுகிறது: பால் காவடி, சர்க்கரைக் காவடி, மச்சக் காவடி. முதல் காவடி தூக்கிய இடும்பனோ இரண்டு குன்றுகளையே சுமந்து வந்து, சற்றே இறக்கி வைத்தான். பிறகு தூக்க முடியவில்லை. வெறுங்கையோடு வருகிறவனால் பிறருக்குச் சுமை இல்லை என்று சொல்ல முடியுமா? வெறுங்கையோடு வரும் விருந்தாளிக்குத் துண்டும் சோப்பும் தேட வீட்டுக்காரி ஓடுவதை நாம் பார்த்ததில்லையா?

ஆனாலும் காவடியில் ஒரு விசேஷம் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார்களைப் பார்த்திருக்கிறேன். கார் வைத்திருப்பவர்கள், வேலையாட்கள் வைத்திருப்பவர்கள். ஆனால் காவடி அவரவர் தோளில்தான். அதில் என்ன இருக்கிறது, எதற்காக, எந்த வேண்டுதலுக்காக என்பது தூக்குகிறவருக்குத் தெரியும். பெரியவருடைய தாத்தாவுக்குத் தெரியாமல் போனது அதுதான்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் பனி விலகும்போது இயேசு சபையார் 1895-ல் ஆரம்பித்த திருஇருதயக் கல்லூரியின் பக்கம் தெரியும். அதே சபையைச் சேர்ந்த ஒருவர் நான் போகப்போகிற ஊரில் 1577-ல் பிறந்து, நான் வந்த பக்கமாக வந்தார். ராபர்ட் டி நொபிலி. நம்மவர்கள் தத்துவ போதகர் என்றார்கள். 1606-ல் மதுரைக்கு வந்த பிறகு, ரோமாபுரியின் பிரபுக் குடும்பத்துச் சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். கறுப்பு அங்கி போயிற்று, தோல் செருப்பு போயிற்று, மாமிசம் போயிற்று. காவி உடை, மரப் பாதக்குறடு, ஒரு வேளைச் சோறு. தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். புறப்பட்ட ஊரை இவ்வளவு சுத்தமாக இறக்கி வைத்த பிரயாணியை நான் கேள்விப்பட்டதில்லை. அவர் பூணூலும் அணிந்தார். அது சரியா தவறா என்ற வழக்கு ரோம் வரை போய், 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரெகோரி அனுமதி கொடுத்த பிறகுதான் ஓய்ந்தது.

இந்தக் கதையை எவ்வளவோ முறை வியப்போடு சொல்லியிருக்கிறேன். பெரியவர் பேசிய பிறகு அதன் இன்னொரு பக்கம் கண்ணில் பட்டது. அந்த மெல்லிய நூலுக்கும் ஒரு கனம் இருந்தது. மதுரையில் அவருக்கு முன்பே ஒரு வயதான போர்த்துக்கீசியப் பாதிரியார், கன்ஸாலோ ஃபெர்னாண்டஸ், பரதவர்களுக்காக ஒரு கோயில் வைத்திருந்தார். உயர்ந்த சாதியாரைத் தேடிய நொபிலி அவரை விட்டு விலகித் தனி வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. முன்னதாகவே அந்த மதத்தில் இருந்த பரதவர்கள் வெளியே நின்றார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஊர் சொன்னவர்களுக்காகப் பண்டார சுவாமிகள் என்று ஒரு தனி வகைச் சந்நியாசிகளைப் பிறகு ஏற்படுத்த வேண்டிவந்தது. அவர் தம் முதுகிலிருந்து இறக்கி வைத்தது உண்மை. புதிதாக எடுத்துக்கொண்டதன் பாரம் வேறு சிலர் முதுகில் இறங்கியதும் உண்மை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு யோசித்துக் கட்டிய மூட்டையிலேயே இப்படி என்றால், நான் எந்த மூலைக்கு?

ஐரோப்பாவுக்கு விசா வாங்கப் போனபோது எனக்கு இருந்த கோபம் இப்போது குறைந்திருக்கிறது. விரல் ரேகை கேட்டார்கள், பாங்குக் கணக்கு கேட்டார்கள், திரும்பி வரும் டிக்கெட்டும் தங்கும் விலாசமும் கேட்டார்கள், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் கேட்டார்கள். பிச்சைக்காரனைப் போல நடத்துகிறார்களே என்று பல்லைக் கடித்தேன். யோசித்தால், அந்தக் காகிதங்கள் எல்லாம் சேர்ந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உன் பாரம் யார் தலையில் விழும்? கேட்ட தொனி சரியில்லை. கேட்டவர்கள் ஒரு காலத்தில் நம் ஊருக்கு வந்தபோது யாரும் அவர்களை அப்படிக் கேட்கவில்லை. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி.

நம் ஊரில் இந்தக் கேள்விக்குக் கல்லில் ஒரு பதில் இருந்தது. பழைய சாலையோரங்களில் இன்னும் சில இடங்களில் நிற்கிறது சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தி, சுமந்து வருகிறவனின் தலை மட்டத்துக்கு வைத்திருப்பார்கள். வேறு ஆள் உதவியில்லாமல் மூட்டையை அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம்; பிறகு குனியாமல் தலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணுக்காக அவளைச் சேர்ந்தவர்கள் நட்ட கல் அது. ரோமிலும் தெருவுக்குத் தெரு குடிதண்ணீர்க் குழாய் ஓயாமல் கொட்டுகிறதாம், இரண்டாயிரத்துக்கும் மேலே. வளைந்த மூக்குப் போல இருப்பதால் 'பெரிய மூக்கு' என்றே பெயர். தண்ணீர்ப் பாட்டிலைச் சுமக்காதீர்கள் மாமா என்று மருமான் சொல்லியிருந்தான். வழிப்போக்கனை நினைத்துப் பார்த்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் இறக்கி வைக்கும் சுமையை வாங்கிக்கொள்வதில் வெட்கம் இல்லை.

மருமான் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தெருவெல்லாம் கருங்கல் பாவியது, பெட்டிச் சக்கரம் தாங்காது என்றான். அதாவது என் பெட்டியை அவன்தான் தூக்கப்போகிறான். மாமா பெட்டியை மாமாவே தூக்கட்டும் என்று விட மாட்டான்; அப்படி வளர்த்திருக்கிறாள் தங்கை. ஆகவே மறுநாள் பெட்டியை மறுபடி திறந்து, ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இதை அந்தப் பையனிடம் காட்டி, "இதற்காகத்தான் நாலு மாடி ஏறினாய்" என்று சொல்ல முடியுமா என்று யோசித்தேன். அப்பளத்தைக் காட்டலாம். ரசப்பொடியைத் தாராளமாகக் காட்டலாம். கம்பளியைக் காட்ட முடியாது. என் புத்தகங்கள் எட்டையும் காட்ட முடியாது. ஒன்றை வைத்துக்கொண்டேன், அதையும் பாதி மனசோடு.

சமையல் செய்யும் அம்மாள் பூம்பாறைக்காரி. தன் ஊர் மலைப்பூண்டு இரண்டு கிலோவை, தோகையோடு முடிந்து கொண்டுவந்தாள், "அங்க இருக்குற பிள்ளைக்கு" என்று. இதன் வாசனையும் காரமும் வேறு எந்த ஊர்ப் பூண்டுக்கும் கிடையாது. 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஆனால் சர்ட்டிபிகேட் இல்லாமல் பூண்டை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. சுங்கத்தில் பிடுங்கித் தொட்டியில் போட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். அவள் முகம் வாடியது. "சாப்பிடற சாமானையா குப்பையில போடுவாங்க?" என்றாள். பூண்டை மெட்ராஸ் வரை எடுத்துப்போய்த் தங்கையிடம் கொடுக்கிறேன், அவள் தன் பிள்ளைக்குச் சொல்லட்டும் என்று சமாதானம் செய்தேன்.

பெட்டி பதின்மூன்று கிலோவுக்கு வந்தது. பெரியவர் வந்து தூக்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க பொட்டிதானா?" என்றார். எனக்கு ரொம்பச் சந்தோஷம். பஸ் ஸ்டாண்டு வரை நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அறிவித்தேன்.

வெளியே எடுத்த கம்பளியும் புத்தகங்களும் கட்டிலின்மேல் குவிந்து கிடந்தன. வீட்டைக் காலி செய்ய வேண்டும். இவற்றை எங்கே வைப்பது? பூம்பாறை அம்மாள் தன் வீட்டுப் பரணில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு பழைய புடவையை விரித்து எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினாள். பெரியவர் கை கொடுக்க, தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் பார்த்துக்கொள் அம்மா. மழைக்காலத்தில் புத்தகம் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். வாரம் ஒரு தடவை வெயிலில் காட்ட வேண்டும்" என்றேன்.

அவள் மூட்டையோடு வாசலில் நின்று, பனி மூடிய மலையை ஒருமுறை பார்த்தாள்.

"வெயில் வந்தா காட்டறேன் ஐயா" என்றாள்.