ஒரே கடற்கரைக்கு மீண்டும் மீண்டும்

ஒருமுறை கண்டு மகிழ்ந்த இடத்திற்கே மனிதன் மீண்டும் மீண்டும் செல்ல விரும்புகிறானே, அது பற்றா, பக்குவமா? விடுமுறையைப் பற்றிய எளிய கேள்விபோல் தோன்றினாலும், இன்பத்திற்கும் அறத்திற்கும் உள்ள உறவை ஆராயத் தூண்டும் கேள்வி இது.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு அருகில் தமிழ் அக்கிரகாரங்களும் காந்தளூர் மகாதேவர் கோயிலும் கொண்ட பகுதி வலியசாலை. முதலாம் இராஜராஜனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச்சாலை இதுவே எனப் பல அறிஞர்கள் கருதுகின்றனர். இங்கே பிறந்து, பணியின் பொருட்டு வடநாட்டில் குடியேறிவிட்ட ஒரு தம்பதியரை எண்ணிப் பார்ப்போம். ஆண்டுதோறும் விடுமுறையில் அவர்கள் இதே கடலோரத்திற்குத்தான் வருகிறார்கள். கோவளத்தில் 1972-இல் எழுந்த கலங்கரை விளக்கம், விழிஞ்ஞத்தின் பழைய குடைவரைக் கோயில், சங்குமுகத்தின் மாலை நேரம், வர்க்கலையின் செம்பாறைக் குன்றுகள், இறுதியில் கன்னியாகுமரி. “இமயம் இருக்கிறது, காஷ்மீர் இருக்கிறது. பார்த்த கடலையேவா பார்ப்பது?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

புதியதை நாடுவதில் தவறில்லை. கொச்சியில் தேநீர்க்கடை நடத்திய கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் கடையின் சிறு வருமானத்தைச் சேமித்தும் கடன் பெற்றும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டனர். 2021 நவம்பரில் விஜயன் மறையும்வரை அந்த ஆர்வம் தணியவில்லை. திரும்பி வந்து, உழைத்துக் கடனை அடைத்து, அடுத்த பயணத்திற்கு ஆயத்தமானவர்கள் அவர்கள். அவர்களுடைய பயணங்கள் உழைப்பிலிருந்து தப்பி ஓடியவை அல்ல, உழைப்பிலேயே வேரூன்றியவை. ஆகவே குறை புதுமையிலும் இல்லை, பழமையிலும் இல்லை. செல்பவரின் மனநிலையிலேயே இருக்கிறது.

மீண்டும் வருவதிலும் ஓர் ஆபத்து உண்டு. அனுபவித்த இன்பத்தின் நினைவைத் தொடர்ந்து செல்லும் மனப்போக்கையே யோக நூலார் ராகம் என்கின்றனர். கணவர் முதலாண்டில் கண்ட அதே அந்தியை, அதே மணற்பரப்பை எதிர்பார்த்து வருகிறார் என்று கொள்வோம். அவர் கடலைக் காண வரவில்லை. தம் நினைவைச் சரிபார்க்க வருகிறார். கடல் அந்த நினைவுக்கு ஒத்துவராதபோது அவருக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. மனைவியோ, சென்ற ஆண்டு இல்லாத ஒரு பாறை வெளிப்பட்டிருப்பதையும், வலை இழுப்பவர்களுள் பழகிய முகம் ஒன்று குறைந்திருப்பதையும் கவனிக்கிறார். இடம் ஒன்றுதான். ஒருவர் நுகர்கிறார், மற்றவர் காண்கிறார்.

இல்லறத்திலும் இதுவே நிகழ்கிறது. பல்லாண்டு உடன் வாழ்ந்த துணையை ‘தெரிந்த முகம்தானே’ என்று பார்க்கும் கண்ணுக்குத் தெரிந்த கடலும் சலித்துப்போகும். அறிந்தவரையே ஒவ்வொரு நாளும் புதிதாக அறிய முயலும் கண்ணுக்கு இரண்டுமே சலிப்பதில்லை.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட், 1790-இல் வெளியிட்ட நூலில், அழகைக் காண்பவனின் மகிழ்ச்சி உடைமை ஆசையற்றது என்று விளக்கினார். இயற்கையின் அழகில் நேரடியான ஈடுபாடு கொள்வது நல்ல உள்ளத்தின் அடையாளம் என்றும் கருதினார். ஆயினும் அந்த ஈடுபாடு எவ்வாறு சோதிக்கப்படுகிறது? அழகு குலையும்போதுதான்.

சங்குமுகத்தையே எடுத்துக்கொள்வோம். பத்மநாப சுவாமியின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை வந்துசேரும் கரை அது. ஊர்வலம் கடந்து செல்வதற்காக விமான நிலையத்தின் ஓடுபாதையே அப்போது மூடப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் அந்தக் கரையின் மணற்பரப்பைக் கடல் பெருமளவு அரித்துவிட்டது. 2021 மே மாதப் புயலின்போது கரையோரச் சாலையே இடிந்து விழுந்தது. 2017-இல் ஒக்கிப் புயல் இக்கடலோர மீனவர் பலரைத் திரும்பாமலே செய்துவிட்டது. 2025 மே 25-இல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரத்துக் கரைகளிலும் வந்து ஒதுங்கின. மணலோடு மணலாகக் கலந்துவிட்ட அவற்றைத் தன்னார்வலர்கள் குனிந்து குனிந்து சேகரித்தனர்.

இத்தகைய நாளில் விடுமுறைக்கு வரும் தம்பதியர் முன் இரு வழிகள் உள்ளன. “இந்த ஆண்டு கரை நன்றாக இல்லை, வேறிடம் போவோம்” என்று கிளம்புவது ஒன்று. கரைக்கு நேர்ந்ததைத் தமக்கு நேர்ந்ததாக உணர்ந்து, அங்கு வாழ்வோரிடம் நலம் விசாரித்து, இயன்ற பணியைச் செய்வது மற்றொன்று. முதலாவது வாடிக்கையாளரின் நியாயம். அதைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளும் அவர்கள் ‘எங்கள் கடற்கரை’ என்று சொல்லி வந்தார்களே, அந்தச் சொல்லுக்கு அப்போது என்ன பொருள்?

எடுத்துக்கொள்வதற்கு மட்டும் ‘எங்கள்’ என்று சொல்வது மமகாரம். இழப்பிலும் பங்கேற்பதற்குச் சொல்வது அன்பு. சொல் ஒன்றே, வேறுபாடோ கடலளவு. பற்றை விடு என்று பெரியோர் கூறியதை, எதையும் நேசிக்காதே என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். தன் இன்பத்திற்காகப் பற்றுவதை விட்டவனால்தான் மாறிப்போனதையும் சிதைந்துபோனதையும் நேசிக்க இயலும்.

பழந்தமிழர் நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தனர். கடற்கரையில் ஒருவர் மற்றொருவருக்காகக் காத்திருக்கிறார், கலங்குகிறார். அழகிய அந்த நிலத்திற்குக் களிப்பை அன்றி இரக்கத்தை உரியதாக்கிய அந்த மரபு எண்ணிப் பார்க்கத்தக்கது.

அடுத்த ஆண்டும் அந்தத் தம்பதியர் வரட்டும். கரை சுருங்கியிருக்கலாம், அவர்களும் முதுமையடைந்திருப்பர். முதலாண்டின் அந்தியைத் தேடாமல் அன்றைய கடலை உள்ளபடி கண்டு, அதற்குத் தாம் பட்டிருக்கும் கடனையும் நினைத்துப் பார்ப்பார்களாயின், அவர்கள் மீண்டும் வந்தது வீணன்று.