அதுக்கப்புறம் என்ன?

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. உயர்நிலை நான்கில் படிக்கிறான். பள்ளியின் 'பி' டிவிஷன் அணியில் இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரன். காற்பந்தைக் காட்டித் தொடக்கக் கல்லூரியில் இடம் வாங்கப் பார்க்கிறான். இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தால் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பேன். "கிடைச்சாலும், அதுக்கப்புறம் என்ன மாமா?" என்று கேட்டான்.

சிங்கப்பூரில் நேரடி மாணவர் சேர்க்கைத் திட்டம் 2004ல் வந்தது. 'ஓ' லெவல் எழுதும் முன்பே, விளையாட்டுத் திறனைப் பார்த்துக் கல்லூரி இடத்தை உறுதி செய்யலாம். திடலில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், நேர்காணல் வைப்பார்கள். குறைந்தபட்ச மதிப்பெண்ணை அப்போதும் எட்டியாக வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு வேறு கல்லூரிக்குத் தாவ முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வந்தபின் பந்துக்கும் டியூஷன் வந்துவிட்டது: தனிப் பயிற்சி, கோல்களைத் தொகுத்த வீடியோ.

எங்கள் பிள்ளையின் ஆட்டம் வீடியோவில் அடங்காது. பந்து அவனிடம் இல்லாத நேரத்தில்தான் அவனைப் பார்க்க வேண்டும். தோளுக்குமேல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். எதிரணி விங்கர் கிளம்புமுன் நடுத் தற்காப்பு ஆட்டக்காரனைக் குரல் கொடுத்து இழுத்து நிறுத்துவான். முன்னேறிப் போன தாக்குதல் வீணானால் அத்தனை தூரமும் திரும்பி ஓடிவருவான். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

சொந்தக்காரர்களுக்கு உதாரணம் சொல்வதில் குறைவில்லை. 1929ல் திறந்த ஜாலான் புசார் விளையாட்டரங்கம் லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரம். பழைய குதிரைப் பந்தயத் திடலான ஃபேரர் பார்க் அதைவிடப் பக்கம். இப்படிக் காற்பந்துத் திடல்கள் பக்கத்திலேயே இருந்ததால், பேச்செடுத்தால் ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவுக்கு ஆடப்போனதும், 1998ல் ஹனோயில் சசிகுமார் அடித்த ஒரே கோலில் சிங்கப்பூர் டைகர் கிண்ணத்தை வென்றதும் வந்துவிடும். பெருமையாகத்தான் இருக்கிறது. அவர்களோடு பள்ளியில் ஆடிய மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பையன் கேட்ட 'அப்புறம்' என்பது பதினெட்டு வயதில் வரும் கட்டாயத் தேசிய சேவை. இரண்டு வருஷம். நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு அதைத் தள்ளிப்போட அனுமதி கிடைத்தது. 2016ல் ரியோவில் தங்கம் வென்றார். இங்கிலாந்தின் ஃபுல்ஹம் குழுவில் சேர்ந்த பென் டேவிஸுக்கு 2018ல் தற்காப்பு அமைச்சு அனுமதி மறுத்தது. செய்தது சரியா என்று காப்பிக்கடைகளில் நிறையப் பேசித் தீர்த்தார்கள். சட்டம் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் ஆட்டக்காரனின் கால் வளரும் வயதும் அதுதான். அந்த இழப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

எப்படிப் பார்த்தாலும், பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கல்லூரி அணிதான் முழுமூச்சாக ஆடும் கடைசி இடம். இதைச் சொன்னால் பிள்ளையின் கனவைக் கெடுப்பதாகப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லூரியை அடுத்த படி என்று நினைத்து ஆடுகிறவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் பார்க்கிறார்கள் என்று தேடுவான். இதுதான் என் காற்பந்து என்று நினைக்கிறவன் விங்கரைப் பார்ப்பான்.

அவனிடம் இதைத்தான் சொன்னேன். பாடத்துக்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடு. இடம் தந்தால் அந்த இரண்டு வருஷத்தையும் மிச்சம் வைக்காமல் ஆடு. தராவிட்டால் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது, அங்கே படிப்பு மூன்று வருஷம். பந்து மட்டும்தான் கணக்கு என்றால் அதில் ஒரு வருஷம் லாபம். "அப்ப அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க மாமா" என்றான்.

அக்காவிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் பந்து எந்தக் கல்லூரியில் இடம் வாங்கித் தரும் என்று கணக்குப் போடுமுன், ஒரு முழு ஆட்டத்தைத் திடலோரம் நின்று பாருங்கள். கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டாம்.