பரிசோதனைக்கு முன் சம்மதம்

1991-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் தேசத்துப் பினாட்டுபோ எரிமலை வெடித்து, ஏறத்தாழ 1.5 கோடி டன் கந்தக டையாக்ஸைடை வான்மண்டலத்தின் மேலடுக்கில் எறிந்தபோது, அதனால் விளைந்த நுண்துளிகள் கதிரவன் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்ப, பூமியின் சராசரி வெப்பம் சிறிது காலம் அரை டிகிரியளவு தணிந்தது. எரிமலை செய்த காரியத்தை மனிதன் வேண்டுமென்றே செய்யலாமா, செய்யாவிடினும் ஆராய்ந்தேனும் பார்க்கலாமா என்பது விஞ்ஞானத்தை மட்டும் கேட்டு முடிவுசெய்யும் விஷயமன்று.

இத்தகைய ஆராய்ச்சிக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் 2021-இல் ஸ்வீடனின் வடகோடியிலுள்ள கிருனாவில் ஒரு பலூனைப் பறக்கவிட எண்ணினர். முதன்முறை கருவிகளைச் சோதிப்பதே நோக்கம். துகள் எதுவும் தூவப்படாது. ஆயினும் அப்பிரதேசத்தின் தொல்குடிகளான சாமி மக்களின் பேரவை, தங்களைக் கலந்துகொள்ளாமலே ஏற்பாடுகள் நடந்தனவென்று ஆட்சேபிக்க, பலூன் எழாமலே நின்றது. 2024-இல் திட்டமே கைவிடப்பட்டது.

எவருக்கும் தீங்கிழைக்காத பலூனைத் தடுத்தது நியாயமா என்று கேட்பாருண்டு. அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆராய்ச்சியை அடியோடு விலக்கிவிட்டபின், வேறொரு நாள் அனலும் பஞ்சமும் நெருக்கும்போது வலிய அரசொன்று, பருவமழை எங்கே பிறழும் என்றும், தூவுவதை இடையில் நிறுத்தினால் அடக்கிவைத்த வெப்பம் எத்துணை விரைவில் மீளும் என்றும் அறியாமல் இவ்வுபாயத்தைக் கையாளுமானால், அப்பாவத்தில் இன்று ஆராய்ச்சியைத் தடுத்தவருக்கும் பங்குண்டு.

எனினும், தூவும் பொருளின் எடையைக் கொண்டு கடமையின் எடையை நிறுத்தல் தகாது. வானத்துக்கு வேலியில்லை; அதில் நிகழும் மாற்றத்திலிருந்து தன்னை மட்டும் விலக்கிக்கொள்ள எந்தக் குடியானவனாலும் முடியாது. மேலும், பொருளும் புகழும் கருவிகளும் ஒரு முயற்சியைச் சுற்றித் திரண்டபின் கேட்கப்படும் சம்மதம் வெறும் சடங்காகவே முடியும். மறுக்கும் உரிமைக்குப் பயனுள்ள காலம் தொடக்கமே. பொதுநன்மை, மக்கள் பங்கேற்பு, முடிவுகளை வெளியிடுதல், சுயேச்சையான மதிப்பீடு, பிரயோகத்துக்கு முன்னரே ஆளுகை என 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் உள்ளிட்டோர் இத்தகைய முயற்சிகளுக்கென வகுத்த ஐந்து கோட்பாடுகளும் அம்மறுப்புக்கு மதிப்பு இருந்தாலன்றி ஏட்டளவிலேயே நிற்கும்.

ஆகவே, கணிப்பொறியிலும் ஆய்வுக்கூடத்திலும் நடக்கும் ஆராய்ச்சிக்குச் சுதந்திரமும், திறந்த வானில் நடப்பதற்கு அவ்விடத்து மக்களின் முன்சம்மதமும் என்று எல்லை வகுப்பதே முறை. அவ்வெல்லையால் சில உண்மைகள் தாமதமாகவே தெரியவரலாம். சில தெரியாமலே போகலாம். பிறர் தலைக்கு மேலுள்ள வானத்தில் பரிசோதனை செய்ய விழைவோர் அந்த நஷ்டத்தை ஏற்கக் கடமைப்பட்டவர்கள்.