உருமாறிகள் யார்?

மாணவர் கையிலிருந்து ஒரு நூலைப் பறிக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டா? சென்ற தவணையில் இவ்வினா எம்மை வந்து பற்றிக்கொண்டது. புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த றப்பர், தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகள் பயிலும் பாடசாலை எமது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பாடநூலின் மறைவில் தடித்த ஆங்கில நாவலொன்றை அகராதியின் துணையோடு படித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெபனி மேயர் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 2005 முதல் 2008 வரை வெளியிட்ட ‘ட்வைலைட்’ வரிசையின் இரண்டாம் நாவல் அது. இரத்தம் குடிக்கும் காட்டேரிகள், ஓநாயாக உருமாறும் இளைஞர், இரு சாராரின் பகைக்கு நடுவே ஒரு மானிடப் பெண்: இதுவே கதை. நாம் நூலைப் பறித்தோம். மக்கள் துயரை மறக்கச் செய்யும் மாயக் கதைகள் பற்றிச் சிறு சொற்பொழிவும் ஆற்றினோம்.

“சேர், நீங்க இத வாசிச்சிருக்கீங்களா?” என்று அவள் பணிவோடு கேட்டாள்.

வாசித்திருக்கவில்லை. வாசியாது தீர்ப்புக் கூறிய வெட்கமே எம்மை வாசிக்க வைத்தது. விடுமுறைக்குள் நான்கு நூல்களையும் முடித்தோம்.

காதற் பகுதிகள் நீண்டு சலிப்பூட்டுகின்றன என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் நாம் எண்ணியதுபோல் அது வெறும் பொழுதுபோக்கும் அன்று. காட்டேரிக் குடும்பம் வெண்ணிறத்தது. செல்வமும் மாளிகையும் விலையுயர்ந்த மோட்டார் வண்டிகளும் உடையது. உருமாறும் இளைஞரோ அமெரிக்க ஆதிக்குடியொன்றின் வறிய பிள்ளைகள். இரு சாராருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். நிலத்தின் மீது ஓர் எல்லைக்கோடு. காட்டேரிகள் அயலில் வந்து குடியேறும்போதே இளைஞர் ஓநாயாகின்றனர் என்கிறது கதை. விலங்கைப் பிறப்பிப்பது இரத்தம் குடிப்போரின் வருகை! உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்தை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த தமது நூலில் காட்டேரிக்கு ஒப்பிட்டமை எமது நினைவுக்கு வந்தது. ஆயின், நாவலாசிரியை அவ்வழியிற் செல்லவில்லை. பகை என்பது பிறப்பின் இயல்பு, ஒருவர் மணம் மற்றவர்க்கு ஒவ்வாமை என்று சொல்லி அவர் நின்றுவிடுகிறார். மானிடப் பெண்ணும் ஈற்றில் மாளிகைப் பக்கமே சேர்கிறாள்.

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, “நீ எந்தப் பக்கம்?” என்று மாணவியைக் கேட்டோம். “ஓநாய்ப் பக்கந்தான் சேர். அவங்கதான் நம்மள மாதிரி” என்றாள். அவ்விடை எம்மை மகிழ்வித்தது, பின்னர் வருத்தியது. ஒடுக்கப்பட்டோரை அவள் அடையாளம் கண்டாள், நன்று. ஆனால் அவர்களை விலங்கு என்று யார் சொன்னார் என்று அவள் கேட்கவில்லையே!

கதையில் ஓநாய்களாக வரும் குவிலியூட் மக்கள் கற்பனையர் அல்லர். வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் இன்றும் வாழ்பவர்கள். தம் முன்னோரை ஓநாயிலிருந்து மனிதராக்கிய ஓர் ஆற்றலைப் பற்றிய தொன்மம் அவர்களுக்கு உண்டு. அவர்கள் கதையில் ஓநாய் மனிதனாகிறது. நாவலில் மனிதன் ஓநாயாகிறான். இத்திசை மாற்றம் சிறிதன்று. 1889இல் அவர்கள் கூலிக்குக் கொடிப்பயிர் பறிக்கச் சென்றிருந்த வேளை, வெள்ளைக் குடியேறி ஒருவன் லா புஷ் கிராமத்தின் 26 வீடுகளையும் எரித்தான். அதே ஆண்டு அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஒரு சதுர மைல். கடற்பேரலைக்கு அஞ்சி உயர்ந்த நிலத்துக்கு இடம்பெயர வழி செய்யும் சட்டம் 2012இலேயே நிறைவேறிற்று. பகையின் வேர் இரத்தத்தில் இல்லை, நிலத்தில் இருந்தது.

இத்தகைய கதையைத் தேடி அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. மகாவம்சத்தில் விஜயன் கரையேறியபோது இயக்கியொருத்தி நாய் வடிவில் எதிர்ப்படுகிறாள். குவேனி தவப்பெண் வடிவில் மரத்தடியில் நூல் நூற்கிறாள். நூல் நூற்கத் தெரிந்த குலத்தைப் பேய்க் குலம் என்று எழுதியது யார்? வெற்றி பெற்றோரின் ஏடு. அவ்வேட்டின்படியே விஜயனின் பாட்டன் ஒரு சிங்கம்! ஆயினும் சிங்கத்தின் பேரன் அரசனானான். தன் இனத்தாரைக் காட்டிக்கொடுத்து அவனுக்கு நாடு பெற்றுத் தந்தவள் இயக்கியாகவே துரத்தப்பட்டாள். அவள் இடத்துக்கு வந்த பட்டத்தரசி மதுரைப் பாண்டியன் மகள். ஆதலின், இக்கதையில் தமிழராகிய நாமும் கைகழுவிக்கொள்வதற்கில்லை. குவேனியின் பிள்ளைகள் தப்பியோடிய மலை, எமது சப்பிரகமுவ எல்லையில் நிற்கும் சிவனொளிபாதம். இது வரலாறு அன்று, கதை. ஆனால் மனிதரை விலங்காக்கும் மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கதையும் காட்டும்.

தோட்டத்துப் பாட்டிமாரின் அனுபவமோ கதையன்று. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால், கொழுந்து பறித்த அதே கைகள் நாடற்றவரின் கைகளாயின. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் என்று பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. லயத்தில் உறங்கியவள் மனுஷியாகவே உறங்கி மனுஷியாகவே விழித்தாள். உரு மாறியது காகிதத்தில். இடையில் அவளுக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘கள்ளத்தோணி’.

அப்படியாயின், விலங்கென்று இகழப்பட்டோர் அவ்விலங்கையே பெருமையாக ஏற்றுக்கொள்ளலாகாதா என ஒரு வினா எழலாம். இகழ்ச்சியைக் கொடியாக உயர்த்துவதில் ஒரு வீரம் உண்டு என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் இந்நாடு அதன் விலையை அறியும். ஒரு சாரார் சிங்கத்தின் மரபினர் என்றும், மறுசாராருள் ஆயுதம் ஏந்தியோர் புலிகள் என்றும் தம்மை அழைத்துக்கொண்டனர். 1983 முதல் 2009 வரை மாண்டவர்கள் மனிதர்கள். பிறர் நம்மை உருமாற்றுவது கொடுமை. நாமே விரும்பி உருமாறுவது அக்கொடுமையின் நிறைவு. எமது ஆசிரியர் அறையில் லயத்துப் பிள்ளைகளைக் ‘காட்டுப் பிள்ளைகள்’ என்று ஒருவர் சொல்ல, நாம் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போன நாள் ஒன்றும் உண்டு. அச்சிரிப்பும் இதே தொழிலின் சிறு பகுதியே.

ஆகவே நூலைப் பறிப்பது விடையன்று. மாயக் கதையை விலக்கினால் அது மறைவில் வாசிக்கப்படும். உடனிருந்து வாசித்தால் அது கேள்விகளைத் தரும். இத்தவணை நூலக வேளையில் அந்நாவலின் சில பக்கங்களையும் குவேனியின் கதையையும் அருகருகே வைத்து வாசிக்கத் தொடங்கியுள்ளோம். வாசிக்குமுன் கரும்பலகையில் மூன்று வினாக்கள் எழுதப்படுகின்றன: இவரை விலங்கென்று சொன்னவர் யார்? சொன்னபின் நிலம் யார் கைக்குப் போயிற்று? உழைப்பு யாருடையது?

நான்காவது வினாவை அம்மாணவியே எழுந்துவந்து எழுதினாள்: “நாங்க யாரையாவது இப்படிச் சொல்றோமா?”

அதற்கான விடையை வகுப்பு இன்னும் எழுதி முடிக்கவில்லை, நாமும் முடிக்கவில்லை.