யாரைக் கேட்டு மாட்டுவது?

பேசின் பிரிட்ஜில் எங்கள் தெரு இரவுப் பள்ளியின் சுவரில் வடசென்னை உழைப்பாளிகளின் வரலாற்றைப் படங்களாக மாட்டலாம் என்று பையன்கள் கேட்டார்கள். மற்றவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1948இல் திறந்தது. வாள், துப்பாக்கி, சீருடை, நாணயம், பெரிய பெரிய துரைமார் படங்கள். கார்ன்வாலிஸ் சிலையை அண்ணாந்து பார்த்த அம்மா, "இவுரு இன்னா வேல செஞ்சாரு?" என்று கேட்டார். கிண்டலில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வேலை செய்தவர்களின் பொருள் எங்கே மிஞ்சும்? கூடை மக்கிப்போகும். மண்வெட்டி தேய்ந்தால் கொல்லனிடம் போய் வேறொன்றாகும். மிஞ்சியிருப்பது அவர்கள் வெட்டிய கால்வாய்தான், அதற்கும் பேர் பக்கிங்காம். எங்கள் பக்கம் ஓடுகிற வடபகுதி முந்தியே, காக்ரேன் காலத்தில் வெட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கிற சுமார் 8 கிலோமீட்டர் 1877-78இல், தாது வருசப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில்தான் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலை, மேலே ஓரணா. ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். செங்கல்பட்டுப் பக்கமிருந்து பஞ்சத்தில் பட்டணம் வந்தவர்கள் நாம் என்று ஆயா சொல்வார்.

அந்தப் பஞ்சத்தை ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி படமெடுத்தார். எலும்பும் தோலுமாக உட்காரவைக்கப்பட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகள். எடுத்தவர் பேர் நிலைத்துவிட்டது, உட்கார்ந்தவர்களின் பேரைக் காணோம். அதைத்தான் சுவரின் நடுவில் மாட்ட நினைத்திருந்தேன். நகலைப் பார்த்ததும் அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பட்டினி போட்டவனுக்கில்லாத வெட்கம் பட்டினி கிடந்தவங்களுக்கு எதுக்கும்மா?" என்று வாதாடினேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இப்படிப் பேச வராதா என்ன!

"வெக்கம் இல்லடா. அவுங்கள ஒரு வார்த்த கேட்டியா நீ?"

மறைத்தால் ஆதிக்கச் சாதிகளுக்குத்தானே வசதி என்கிறார்கள் தோழர்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை நினைத்துப் பார்க்கிறேன். அதிலும் நம் வறுமைதான், நம் அடிமைத்தனம்தான். எழுதியவரும் வெள்ளை அதிகாரிதான். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலம். காரணை நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994இல் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நூறு வருசம் கழித்தும் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்து 'எங்க நிலம் எங்கே?' என்று கேட்க முடிகிறது. ஹூப்பரின் படத்தைப் பார்க்கிறவர் உச்சுக்கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அரசாணையைப் படிக்கிறவருக்கு அது முடியாது, ஒருவேளை அவர் வீடே அந்த நிலத்தில் நிற்கலாம்.

அதனால் அரசாணையையும் கூலிக் கணக்கையும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினோம். படம் வேண்டும் என்று பையன்கள் இன்னமும் சண்டை பிடிக்கிறார்கள். அம்மாவிடம் நீங்களே வந்து பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒருத்தனும் வரவில்லை.