குறையும் கோளாறும்

குறை வேறு, கோளாறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் நாம் பல பேருக்கு அநியாயம் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. எஞ்சினைக் கொண்டே சொல்கிறேன்.

இப்போதைய கார்களில் எஞ்சினைக் கண்காணிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் உண்டு. அமெரிக்காவில் இது 1996 முதல் கட்டாயம். நம் நாட்டில் 2010-க்குப் பிறகு பரவியது. கோளாறு கண்டால் ஓட்டுகிறவர் எதிரே மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டு, ஒரு குறியீட்டையும் அது பதிந்து வைக்கும். உதாரணமாக, பி-0301. 'பி' என்பது எஞ்சின் வகையறா. பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது என்பதற்கு அடையாளம். மூன்று, பற்றவைப்புச் சங்கதி. 01, முதல் சிலிண்டர். அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பது புகார். காரணத்தை அது சொல்லாது. பிளக்கோ, காயிலோ, இன்ஜெக்டரோ, மனிதன்தான் தேட வேண்டும். தேடச் சோம்பி, குறியீட்டை மட்டும் அழித்து விளக்கை அணைத்துத் தருகிற பேர்வழிகளும் உண்டு. காய்ச்சல் சீட்டைக் கிழித்துவிட்டு நோயாளி குணமானார் என்கிற வைத்தியம்!

அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் பந்தல்குடி இருக்கிறது. கரிசல் பூமி, சுண்ணாம்புக்கல் சுரங்கம் உள்ள ஊர். அங்கே ஒரு பட்டறையில் என் நண்பர் தமது பழைய சின்னக் காரை நிறுத்தினார். உள்ளே ஐந்து பேர், ஏ.சி., மேலே கேரியர் நிறைய மூட்டைகள். லாரியை முந்த முடியவில்லை என்பது அவர் வழக்கு.

மெக்கானிக் கருவியைப் பொருத்திப் பார்த்தார். குறியீடு இல்லாததை மட்டும் நம்பிவிடாமல், ஏர் பில்டரையும் கிளட்சையும் சோதித்தார்.

"கோடு ஒண்ணும் வரலை சார். எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. அதோட தெம்பு இம்புட்டுத்தான்" என்றார்.

நண்பர் முகம் வாடிவிட்டது. கோளாறென்றால் பணம் கொடுத்துத் தீர்க்கலாம். இதை என்ன செய்வது? ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் நியாயத்தைப் பாருங்கள். பக்கத்தில் போகிற வண்டியோடு அது ஒப்பிடுவதில்லை. எதற்காகச் செய்யப்பட்டதோ அதிலிருந்து எஞ்சின் வழுவுகிறதா என்றுதான் கேட்கிறது. 1983-இல் வந்த மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர், 796 சி.சி.; 40 குதிரைச் சக்திகூட இல்லை. அதை நோயாளி என்று யார் சொன்னார்கள்?

வழி நெடுக நண்பர் தம் இளைய மகனைப் பற்றித்தான் அங்கலாய்த்து வந்தார். பெரியவனைப் போல் சூட்டிகை இல்லையாம். மூன்று டியூஷன், ஒரு டாக்டர், ஒரு ஜோசியர் பார்த்தாகிவிட்டது.

ஏ.சி.யை அணைத்தார். இரண்டு மூட்டைகளைப் பஸ்ஸில் போட்டுவிடவும் சம்மதித்தார். அந்த மூன்றாவது டியூஷனைப் பற்றி நான் மெல்லப் பேச்செடுத்தபோது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.