எந்தக் குரலை நம்புவது?

லாரித் தவணை கட்ட முடியாமல் தவிப்பவருக்கும், மகளுக்கு வரன் அமையாமல் கலங்கும் தாய்க்கும் சேலம், நாமக்கல் பக்கத்து ஜெபக் கூட்டங்களில் சீக்கிரம் கிடைத்துவிடுவது, நாள் குறித்த ஒரு நல்வாக்கு. துயரத்தில் இருப்பவர் அதைப் பற்றிக்கொள்வது இயல்புதான்.

வேதாகமத்தில் வரும் பொய்த் தீர்க்கதரிசி அனனியாவும் நாள் குறித்தான். இரண்டு வருடத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பும் சொல்லி, பாபிலோனுக்கு அடங்குவதன் அடையாளமாகத் தீர்க்கதரிசி எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தான். கேட்டவர்களுக்கு இனித்திருக்கும். எரேமியா சொன்னதோ எழுபது ஆண்டு அடிமை வாழ்வு. உண்மை சொன்னவருக்குக் கிடைத்தது அடியும், சேறு நிறைந்த துரவும்.

அப்படியானால் பொய்க் குரலை எப்படி அறிவது? இயேசு தந்த அளவுகோல், கனி; அதாவது வாழ்க்கையின் பலன். கொல்லிமலையில் குடியேறிய மிஷனரிகள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதியைப் பாருங்கள். காய்ச்சலுக்கும் நரம்புச் சிலந்திக்கும் மருந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். 1929-இல் அந்த மலையிலேயே ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார், வயது 44. ஈவ்லின் முதுமையிலும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார்; 1974-இல் இறந்தபோது வயது 95. வாங்கிச் சேர்த்தவர்கள் அல்லர், கொடுத்தே தேய்ந்தவர்கள்.

தீர்க்கதரிசனத்தை இகழ வேண்டாம், சோதிக்காமல் ஏற்கவும் வேண்டாம் என்பதே தெசலோனிக்கேயருக்குப் பவுல் சொன்னது. ஆகவே காணிக்கை உறையை நீட்டுமுன் கேளுங்கள்: இந்தக் குரல் என் தவறை என்றாவது கண்டித்திருக்கிறதா? சொன்னது நடக்காதபோது என் விசுவாசத்தைக் குறை சொல்லித் தப்பிக்கிறதா?